லோகோவுக்கு அடியில் சூசை

பிள்ளைகளே, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் சங்குகுளிக்கும் படகில் போய், முன்பக்கத்தில் போனைக் கட்டிவைத்து என் சேனலுக்கு வீடியோ எடுத்தேன். கடலுக்கடியில் இருப்பவர்களுக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் பக்கத்தில் என் கூட்டாளி சூசை உட்கார்ந்திருந்தான். ஆட்கள் மேலே வரும்வரை அவன் அங்கிருந்து எழுந்திருக்கவே கூடாது.

"ஏலே, படம் பிடிக்கேன்னு குழாய மிதிச்சிராத!" என்று என்னை விரட்டினான்.

எடிட் செய்யும்போது, யாரும் திருடக்கூடாதென்று என் லோகோவைப் பெரிதாக வலது மூலையில் வைத்து, வீடியோ தொடங்கி முடியும்வரை தெரியும்படி நீட்டிவிட்டேன். போனில் இடமில்லாததால் லோகோ இல்லாத பழைய வீடியோவை அழித்துவிட்டேன்.

சில மாதங்களில் சூசை மாரடைப்பில் இறந்துபோனான். அவன் மனைவி ரோஸ்லின் வந்தாள்.

"அண்ணாச்சி, அவிய வேலை பாக்கத நான் பாத்ததே இல்ல. அந்தப் படத்தப் போடுங்க."

போட்டேன். படகு தெரிந்தது, கயிறு தெரிந்தது. சூசை இருந்த இடத்தில் என் லோகோ இருந்தது.

"அதக் கொஞ்சம் தள்ளுங்களேன்."

"முடியாதும்மா. படத்தோட சேந்துட்டு. பழைய படத்தையும் அழிச்சிட்டேன்."

அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். "ஒருதடவகூட எந்திரிக்க மாட்டாவளா?"

அவன் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் அன்றைக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் மூச்சோடு மேலே வந்தார்கள். அதை நான் ரோஸ்லினிடம் சொன்னேன். அவன் முகத்தைத்தான் என்னால் காட்ட முடியவில்லை.