தகவல் கொடுத்தவர்

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணைத் திட்ட வேண்டுமென்றால் ஆள் தேட மாட்டார்கள். என் கொள்ளுப்பாட்டி இருக்கிறாள். வாழப்பாடிப் பக்கம் கூலிக்குப் போன குடும்பம். ஊரில் நோய் வந்த வருடம், புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எவனோடோ ஓடிப்போனாளாம். நாலு வயதுப் பிள்ளையான என் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு கொள்ளுத்தாத்தா நாமக்கல் வந்து, இன்னொரு கல்யாணம் செய்து, வம்சத்தைக் காப்பாற்றினாராம். நான் கணவன் வீட்டை விட்டு வெளியே வந்தபோது பெரியப்பா இந்தக் கதையைத்தான் எடுத்தார். "அவ ரத்தமாச்சே, எங்க போவும்?" என்றார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

போன வருடம் குலதெய்வக் கோயிலில் வம்சக் கல்வெட்டு வைக்க ஏற்பாடு நடந்தது. முதல் பெயர் கொள்ளுத்தாத்தா, பக்கத்தில் இரண்டாம் மனைவி. என் தாத்தாவைப் பெற்றவள் எங்கே என்று கேட்டேன்.

"ஓடிப்போனவளுக்குக் கல்லு ஒரு கேடா சாமி?" என்று பெரியப்பா சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

மறுவாரமே லீவு போட்டுவிட்டு, அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் ஏறி, வாழப்பாடிப் பக்கத்து இறப்புப் பதிவேடுகள் இருக்கும் அலுவலகத்துக்குப் போனேன்.

"நிலத்துக்கா, வாரிசு சான்றுக்கா?" என்று கேட்டார் எழுத்தர்.

"ஒரு பொம்பளையோட மானத்துக்குங்க" என்றேன். அவர் பழைய பதிவேட்டுக் கட்டை இறக்கி வைத்தார்.

தொட்டால் உதிரும் தாள். பட்டாவும் கிடையாது, போட்டோவும் கிடையாது. செத்துப்போனதால் மட்டுமே ஒரு வரி கிடைத்த மனிதர்கள். மூன்றாம் நாள் எங்கள் வரி வந்தது. பெண் குழந்தை, ஆறு வயது, வாந்திபேதி. தகப்பன் பெயர் கொள்ளுத்தாத்தாவுடையது. தகவல் கொடுத்தவர்: தாய். பக்கத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. இரண்டு வரி தள்ளி ஒன்றரை வயதுப் பையன். மறுபடியும் தாய், மறுபடியும் ரேகை.

பக்கத்தைத் திருப்பினேன். அவளே இருந்தாள். இருபத்தாறு வயது, கூலி, வாந்திபேதி. கணவன் பெயர் அதே. தகவல் கொடுத்தவர்: தலையாரி. ஓரத்தில் ஒரு குறிப்பு: கணவன் ஊரில் இல்லை, உறவினர் யாருமில்லை.

ஓடியது யார் என்று அப்போதுதான் தெரிந்தது. மனிதர் பயந்துபோய் ஓடியிருக்கலாம், மிஞ்சிய பிள்ளையையாவது காப்பாற்ற நினைத்திருக்கலாம். அதை மன்னித்துவிடுவேன். பழியைத் தூக்கி அவள்மேல் போட்டதை மன்னிக்க மாட்டேன். எழுத்தர் முன்னாலேயே அழுதேன்.

அங்கிருந்தே பெரியப்பாவுக்குப் போன் போட்டு, வரி வரியாகப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"செரி சாமி, பேரச் சேத்திப்போடலாம். இதைய மட்டும் வெளிய சொல்லிப்போடாத. பெரியவீங்க மானம் போயிரும்."

"அவ மானம் இத்தன வருசமாப் போச்சுதுங்களே பெரியப்பா? நகல் வாங்கிட்டு வாரேன். கோயல்ல எல்லாத்து முன்னாடியும் படிப்பேனுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுத்தர் நகலுக்கான படிவத்தை நீட்டினார். இறந்தவருக்கு விண்ணப்பதாரர் என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம். உறவினர் யாருமில்லை என்ற வரி பக்கத்திலேயே திறந்து கிடந்தது. பேனாவை அழுத்திப் பிடித்து, கொள்ளுப்பேத்தி என்று எழுதினேன்.