நோதிர் குடித்த ஒரு கோப்பை

தென்கொரியாவில், கிம்ஹே ஊரில் எங்கள் பிளாஸ்டிக் கம்பெனியின் சமையல்கட்டு என் பொறுப்பு. உஸ்பெக்காரன் நோதிர் பத்து வருஷமாக அங்கே வேலை பார்த்தான். தினமும் மத்தியானம் தட்டோடு வந்து நின்று, "சித்தி, இதுல பன்னி சேக்கலல்ல?" என்று கேட்பான். எனக்கு எரிச்சலாக வரும். "இல்லடா, பேசாம தின்னு" என்பேன். சிரிப்பான்.

அந்தச் சிரிப்பை நான் நம்பியதே இல்லை. இவ்வளவு சாதுவாக ஒருவன் இருந்தால் உள்ளே எதையோ ஒளித்துவைத்திருக்கிறான் என்றுதானே தோன்றும்? டிவியில் எந்த ஊரில் குண்டு வெடித்தாலும் நாங்கள் முதலில் பார்ப்பது அவன் முகத்தைத்தான். வருத்தப்பட்டால் நடிக்கிறான் என்போம். பேசாமல் சாப்பிட்டால் கல்நெஞ்சன் என்போம்.

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தொழுவான். கம்பெனி விருந்துக்கும் தவறாமல் வருவான். பன்றிக்கறி வாட்டுகிற மேசையில் கீரையும் சோறும் தின்றுவிட்டு, பெரியவர்களுக்கு மரியாதையாக இரண்டு கையாலும் சோஜு சாராயம் ஊற்றுவான். அவனோடு ஒரே அறையில் இருந்த இந்தோனேசியன் ரோஹ்மத்துக்கு அது பொறுக்கவில்லை. "குடிக்கறது மட்டுமில்ல, ஊத்திக் குடுக்கறதும் பாவந்தான்" என்று, அவனோடு சேர்ந்து தொழுவதையே விட்டுவிட்டான். இன்னொரு உஸ்பெக்காரன் ஐபெக் மொடாக்குடியன். அவனும் முஸ்லிம்தான். அவனை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

போன வசந்தத்தில் நோதிர், பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிவருகிற விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தான். முதலாளி பியோ பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது நடந்த ஒரு கம்பெனி விருந்தில் முதலாளி ஒரு கோப்பையை நிரப்பி அவன் முன்னால் வைத்தார்.

"ஐபெக் குடிக்கிறான். அவனுக்கும் அதே கடவுள்தானே? உனக்கு மட்டும் என்னடா?"

"அவன் வழி அவனுக்கு, என் வழி எனக்கு, முதலாளி."

"அதான் பயமா இருக்கு. உன் குடும்பத்துக்கு நான் ஜவாப்தாரி ஆகணும். எங்கள்ல ஒருத்தன்னு காட்டு."

"விடுங்க முதலாளி, அண்ணனுக்கும் சேத்து நான் குடிக்கறேன்" என்றான் ஐபெக். முதலாளி அவனைப் பார்க்கவேயில்லை.

நோதிர் என்னைப் பார்த்தான். நான் குனிந்து கறியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குடித்துத்தான் காட்டட்டுமே என்று எனக்கும் இருந்தது.

பெரியவர் முன்னால் குடிக்கிற முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தான். இருமினான்.

முதலாளி சிரித்தார். "பாத்தீங்களா? பத்து வருஷமா பாவம் பாவம்னு சொன்னவன், ஒரு கையெழுத்துக்காகக் குடிச்சுட்டான். இவன எதை வெச்சு நம்பறது?"

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். கடிதம் கிடைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தட்டோடு வந்தான். கண் வீங்கியிருந்தது. "சித்தி, இதுல பன்னி சேக்கலல்ல?"

"நேத்துக் குடிச்சாச்சு, இன்னிக்கு என்னடா கேள்வி?"

"குடிச்சுட்டேன் சித்தி. அதனாலதான் கேக்கறேன்."

அடுப்பில் பன்றி எலும்பு கொதித்த குழம்பு. கறித்துண்டுதான் இல்லையே என்று இத்தனை வருஷமாக நானாக ஒரு நியாயம் வைத்திருந்தேன். சட்டென்று அவன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இருடா. முட்டை பொரிச்சுத் தரேன்."

அவன் சிரிக்கவில்லை. குழம்பையும் என்னையும் பார்த்தான்.

"இன்னிக்கு மட்டுமா, சித்தி?"