மன்னாரில் இறங்கவில்லை

பள்ளிக்கூடத்து ஆயா மேரியம்மாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் குளிக்கக்கூட இல்லை. “அம்மா, செலின் டீச்சரு நம்பள வுட்டுப் பூட்டாங்கம்மா. காலீல பூசைக்கு வர்ல, இன்னாடான்னு கதவத் தட்னா…” என்று சொல்லி முடிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முந்தின நாள் சாயங்காலம் சாந்தோமிலிருந்து லஸ் டிராம் நிற்குமிடம் வரை என்னோடு பேசிக்கொண்டே நடந்து வந்தவர். அவர் அறை இருந்தது நேர் எதிர்த்திசையில். பதினோரு வருஷம் இப்படித்தான் வழியனுப்பினார்.

அவரிடம் பூகோளம் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இலங்கை என்றால் அவருக்குக் கண்டியும் கொழும்பும் இல்லை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வந்த அன்று இரண்டாம் பாரத்துப் பெண் ஒருத்தி தேசப்படத்தில் நெடுந்தீவைத் தொட்டுக் காட்டி, “இங்கே காட்டுக் குதிரை ஓடும்” என்றாள். கண்டி எங்கே என்று கேட்டதற்கு, “அங்கே எல்லாரும் போவாங்களாம், அதனால நாங்க படிக்கலை” என்றாளே பார்க்கலாம்! தலைமையாசிரியை ஒரு வாரம் செலினோடு பேசவில்லை. செலினோ என்னிடம் வந்து, “படத்துல பேர் போடாத ஊர்லதான் டீச்சர், சோறு நல்லா இருக்கும்” என்று சிரித்தார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் பிறந்த ஊர் மன்னார். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் போட் மெயில் ரயிலில் கிளம்பும்போது, “இந்த வருஷமாவது வாங்க, பத்மா டீச்சர்” என்பார். பள்ளிமுனையில் பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பெருக்கமரம் இருக்கிறதாம். கன்னியாவில் பக்கத்தில் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடாம். கற்பிட்டியில் கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு டச்சுக்காரன் கோட்டை. கேட்கக் கேட்க எனக்கும் ஆசை வந்துவிட்டது.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் என் கணவர் சிலோன் யாத்திரைக்கு ஏற்பாடு செய்தார். கண்டி, நுவரெலியா, மாமியாருக்காகக் கதிர்காமம். மன்னாரில் ஒரு நாள் இறங்கித் தங்குகிறோம் என்று விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த செலினுக்கு நானாகவே கடிதம் எழுதினேன். இவரும் சரி என்றார். “ஆனா அம்மாகிட்ட நீதான் சொல்லணும்” என்றார். கிறிஸ்தவர் வீட்டில் தங்குவதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது? எழும்பூரில் சொல்லலாம் என்றிருந்தேன். அப்புறம் கப்பலில் சொல்லலாம் என்றிருந்தேன். வகுப்பில் நாற்பது பெண்களை ஒரே அதட்டலில் அடக்குகிறவளுக்கு அங்கே வாய் எழும்பவில்லை.

கப்பலிலிருந்து இறங்கி நாங்கள் ஏறிய ரயில் பொழுது சாயும் நேரத்தில் மன்னாரில் நின்றது. செலின் வெள்ளைப் புடவையில், ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். “பத்மா டீச்சர்! பத்மா டீச்சர்!” நான் ஜன்னல் பலகையை இழுத்துச் சாத்தினேன். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இறங்குவதற்காக எடுத்த பெட்டியை மறுபடி பலகைக்கு அடியில் தள்ளினார்.

“யாருடி அது, உன் பேரைச் சொல்லிக் கூப்பிடறாளே?” என்றார் மாமியார்.

“இந்த ஊர்ல என்னை யாருக்கும்மா தெரியும்? வேற யாரையோ கூப்பிடறா” என்றேன்.

பள்ளி திறந்ததும், “அசந்து தூங்கிட்டோம்” என்று அவரிடம் ஒரு பொய் சொன்னேன். “அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்” என்றார். கண்டியைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். அதற்குப் பிறகும் தினமும் லஸ் வரை நடந்து வந்தார். ஆனால் ‘இந்த வருஷமாவது வாங்க’ என்று மட்டும் அப்புறம் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை சாயங்காலம் நினைத்திருப்பேன்! நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். பாவி.

முப்பதாம் நாள் பூசைக்கு மன்னாரிலிருந்து அவர் தங்கை வந்திருந்தார். என் பெயரைக் கேட்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“கப்பல் மயக்கத்திலை எழும்ப ஏலாமல் கிடந்தீங்களாம், அதாலைதான் இறங்கேல்லை எண்டு அக்கா சொன்னவ. இப்ப சுகமோ?”

“சுகம்தான்” என்றேன்.

“நீங்கள் எங்கடை கையாலை சாப்பிடமாட்டீங்களெண்டு, உங்களுக்கெண்டு புதுச்சட்டி வாங்கி, வீட்டு முத்தத்திலை புது அடுப்பும் போட்டு வைச்சனாங்கள். நீங்களே சமைச்சுச் சாப்பிடலாமெண்டு. இன்னும் ஒருத்தரும் அதைப் பாவிக்கேல்லை. அக்கா விடேல்லை.”

கோயிலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். நான் ஜன்னலைச் சாத்தியதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும், தன் வீட்டாரிடம் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்தான் செலினிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை வைத்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை. வேறொன்றும் இல்லாததால் வைத்துக்கொள்கிறேன்.

நம் பள்ளி மலரை என் மாமியார் ஒரு வரி விடாமல் படிப்பார். இதையும் படிக்கட்டும். அம்மா, அன்றைக்கு மன்னாரில் அவர் கூப்பிட்டது என்னைத்தான்.