பெண் பார்க்க வந்த டென்சர்

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ராஜபாளையம் வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண், என் தம்பி மகள் செல்வி. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தவள். மாப்பிள்ளை காலேஜில் அதே பிசிக்ஸ் நடத்துபவர். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

நான் வழக்கம்போல அடுக்களைக் கதவுக்குப் பின்னால். நாலு பேரைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காதுக்கு மட்டும் கூச்சம் கிடையாது.

மாப்பிள்ளை பேசினார்... பேசினார்... கேசரி ஆறிப்போகும்வரை பேசினார். ஒரு பொருள் எப்படிச் சுழலும் என்று சொல்ல, ஒன்பது எண்களைக் கட்டம் கட்டி எழுதுவார்களாம். அதற்குப் பெயர் இனர்ஷியா டென்சராம்.

"இது புரிஞ்ச ஆளு இந்த ஜில்லாவுலயே அஞ்சு பேருதான்!"

மற்ற நாலு பேர் யாரென்று சொல்லவில்லை.

செல்வி, அவர்கள் கொண்டுவந்த பால்கோவா பெட்டியை எடுத்தாள். நூல் சுற்றிய, நீளமான, தட்டையான அட்டைப் பெட்டி. தட்டுபோலச் சுழற்றிவிட்டுப் பிடித்தாள் — ஒழுங்காகச் சுழன்றது. பூரிக்கட்டைபோல உருட்டி எறிந்தாள் — அதுவும் ஒழுங்கு. மூன்றாவதாக, குட்டிக்கரணம் அடிக்கும்படி வீசினாள் — பெட்டி அந்தரத்தில் பக்கவாட்டிலும் புரண்டுவிட்டது!

"பெட்டி ஒண்ணுதான். இப்படிப் போட்டா மட்டும் ஏன் சார் புரளுது?"

"ஏட்டி, வந்தவிய முன்னால என்னட்டி விளையாட்டு?" என்று பதறினான் தம்பி. அலைந்து அலைந்து பிடித்த வரன் அல்லவா!

"நீங்க சரியாப் போடல" என்றார் மாப்பிள்ளை. எழுந்து தானே வீசினார். புரண்டது.

"காத்துதான் காரணம். ஃபேனை அமத்துங்க."

அமர்த்தினோம். அப்போதும் புரண்டது. பிறகு ஆத்திரத்தோடு வீசினார் பாருங்கள்... நூல் அறுந்து, பால்கோவா மொத்தமும் அவர் அப்பாவின் வேட்டியில்!

"இதெல்லாம் சிலபஸ்லயே கிடையாது!" என்றார் மாப்பிள்ளை.

மறுநாள் தரகர் வந்தார். "பொண்ணு பிடிச்சிருக்காம். ஆனா, கல்யாணத்துக்குப் பொறவு இப்படிக் கேள்வி கேக்கக் கூடாதாம்."

செல்வி முடியாது என்றுவிட்டாள். தம்பி குதித்தான். நான் அவளைத் தனியே கேட்டேன்: "ஏட்டி, பதிலைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா அவியள மடக்குன?"

"இல்ல அத்தை. எந்தப் பக்கமா சுத்துறோமோ அதுக்கேத்தாப்புல பெட்டியோட குணம் மாறும், அதான் ஒரு எண்ணு பத்தாம ஒம்பது எண்ணு. அம்புட்டுதான் எனக்குப் புரியுது. ஏன் புரளுதுன்னு நெசமாவே தெரியாது. 'எனக்கும் தெரியல, சேந்து பாப்போம்'னு சொல்லியிருந்தாருன்னா... அங்கனயே தலையாட்டியிருப்பேன்."

தம்பி மறுபடி வரன் தேடுகிறான். ஜாதகம் வாங்குவதற்கு முன்னால், பையனுக்குத் 'தெரியாது' என்று சொல்ல வருமா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.