ஹென்டர்சனில் ஓர் ஓட்டு எண்ணிக்கை

ஜூலை மாதத்துச் சனிக்கிழமை, காலை 8.35. ஆக்லாந்தின் கிழக்குப் புறநகரான பக்குரங்காவில், பிளாசா வணிக வளாகத்துக்கு எதிரே பேருந்துக்காக நின்றபோது குளிர் ஏழு டிகிரி. நான்கு வயது இனியனுக்கு இரண்டு ஸ்வெட்டரும் அதன்மேல் மழைக்கோட்டும் போட்டிருந்தேன். பையில் மாற்றுடை, காய்ச்சல் மருந்து, மூன்று வாழைப்பழம். கணவருக்கு அன்று வேலை. குழந்தையை இழுத்துக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போகத்தான் வேண்டுமா என்று பேருந்தில் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் செல்வி டீச்சரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செல்வி, இனியனின் மழலையர் பள்ளி ஆசிரியை. பர்மாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பாஸ்போர்ட்டில் அவருக்குப் பர்மியப் பெயர், வீட்டில்தான் செல்வி. அவர் ஊரை மியான்மர் என்றோ யாங்கோன் என்றோ சொல்லமாட்டார். பர்மா, ரங்கூன்தான். ஆக்லாந்தில் வாழும் பர்மா மக்கள் ஒரு சங்கம் வைத்து, ஆண்டுக்கொரு முறை மேற்குக் கோடியிலுள்ள ஹென்டர்சனில் மண்டபம் பிடித்து உணவு விழா நடத்துகிறார்கள். பர்மாவில் நடக்கும் உள்நாட்டுச் சண்டையில் வீடிழந்தவர்களுக்கு அதிலிருந்து உதவி போகிறது. அன்றே சங்கத் தேர்தலும் உண்டு. இந்த முறை செயலாளர் பதவிக்குச் செல்வி நிற்கிறார்.

9.00. பான்மூர் ரயில் நிலையம். நடைமேடையில் செல்வி, காலடியில் துணி சுற்றிய பெரிய அலுமினியப் பானை. உள்ளே அத்தோ. சென்னையில் பர்மா பஜார் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும், கையால் பிசைந்து தரும் அந்த நூடுல்ஸ்.

"பானையத் தொடாத கண்ணா, சுடும்."

"இட்ஸ் நாட் ஹாட், டீச்சர்" என்றான் இனியன், தொட்டுப் பார்த்துவிட்டு.

ரயிலில் மூவரையும் பானையோடு சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்தேன். செல்வி நன்றாகச் சிரித்திருந்தார். ஊரிலுள்ள எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, "பர்மா ஜனநாயகத்துக்காக ஒரு விழா. இனியனின் டீச்சர் தேர்தலில் நிற்கிறார்" என்று எழுதினேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பு.

9.25க்கு நகர மையம். அங்கே ரயில் மாறி 9.40க்கு மேற்கு நோக்கிப் புறப்பட்டோம். ஐம்பது நிமிடப் பயணம். மொத்தப் பயணத்துக்கும் என் அட்டையில் ஐந்து டாலர் சொச்சம் குறைந்தது, இனியனுக்கு இலவசம். வழியெல்லாம் மரவீடுகளின் பின்பக்கங்கள், துணிக்கொடிகள், எலுமிச்சை மரங்கள்.

10.30. ஹென்டர்சனில் இறங்கியதும் செல்வி முகக்கவசம் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டார். சளியா என்று கேட்டேன்.

"இல்லக்கா. அம்மா அங்கதான இருக்காங்க."

மண்டபத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. பானையை ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கிக்கொண்டு நடக்கையில் சொன்னார். தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்தபோது அவர் தம்பி கல்லூரி மாணவன். ஊர்வலங்களுக்குப் போனான். ராணுவத்தினர் அவனைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். அவன் அதற்கு முன்பே எல்லை தாண்டியிருந்தான். அம்மா மட்டும் ரங்கூனில் தனியாக. வெளிநாட்டில் பிள்ளைகள் இப்படிக் கூடும் படங்களைத் தேடிப் பார்த்து, அங்கிருக்கும் பெற்றோரைப் பிடித்துப் போகிறார்கள், வீட்டுக்குச் சீல் வைக்கிறார்கள்.

பானையின் என் பக்கம் சற்றுத் தாழ்ந்தது.

10.45. மண்டப வாசலில் ஒரு பெண் ஒவ்வொருவர் போனையும் வாங்கி, கேமராவின் மேல் வட்ட ஸ்டிக்கர் ஒட்டித் தந்துகொண்டிருந்தாள். வேட்பாளர்கள் முகத்தைக் காட்டித்தான் பேச வேண்டும் என்பது சங்க விதி. அதனால் உள்ளே ஒரு கேமராவும் திறந்திருக்கக் கூடாது. என் போனை நீட்டும்முன் திரையைப் பார்த்தேன். திருச்சியில் அப்போது விடிகாலை நாலே கால். நான்கு மணிக்கு எழுந்துவிடும் என் பெரியப்பா பதில் போட்டிருந்தார்: "பெருமை! முகநூலில் பகிர்ந்துவிட்டேன்."

இனியனை இழுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடி அவரை அழைத்தேன்.

"என்னம்மா இந்நேரத்துல? புள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"பெரியப்பா, அந்தப் போட்டோவ உடனே எடுங்க."

"எதுக்கும்மா? பதினோரு லைக் வந்திருச்சு."

"அந்த டீச்சரோட அம்மா ரங்கூன்ல இருக்காங்க. பட்டாளத்துக்காரன் கண்ணுல பட்டா தூக்கிட்டுப் போயிருவான்."

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, "எடுக்கத் தெரியாதேம்மா. போடறதுக்குத்தான் உன் தம்பி சொல்லிக் குடுத்தான்."

மேலே மூன்று புள்ளி, அதைத் தொடுங்கள், இல்லை அது இல்லை என்று ஏழு நிமிடம். "போயிருச்சு" என்றார். குழுவில் இருந்ததையும் அழித்தேன். எல்லாம் அழிந்துவிட்டது, செல்வியிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவர் அம்மாவின் தலைவிதியை நான் மட்டும் எப்படி முடிவு செய்வது? உள்ளே போய்ச் சொன்னேன்.

செல்வி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"இருபது நிமிஷம்."

"லைக் போட்டது யாரு?"

"திருச்சியில பெரியப்பாகூட வாக்கிங் போறவங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேட்பாளர் பட்டியலில் தன் பெயருக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்காமல் அம்மாவை அழைத்தார். அங்கே மின்சாரம் வரும் நேரத்தில்தான் சமைக்க வேண்டும் என்பதால் அம்மா விழித்திருந்தார். போனில் அரசியல் பேசினால் ஆபத்து. அதனால் அந்த வீட்டில் எல்லாமே கல்யாணப் பேச்சாகத்தான் நடக்கிறது.

"அம்மா, கல்யாண வீட்டுல என் போட்டோ வெளிய போயிருச்சு. எடுத்தாச்சு, ஆனா யாரு பாத்தாங்கன்னு தெரியல. நான் பந்தி பரிமாறவா, சும்மா சாப்பிட்டு வந்துரவா?"

ஒலிபெருக்கியில் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "பரிமாறு. நம்ம ஆளு ஒருத்தர் இலைக்கு முன்னால நிக்காட்டி, அடுத்த விசேஷத்துக்கு நம்மள யாரு கூப்பிடுவா? நான் பெகு சித்தி வீட்டுக்குக் கிளம்புறேன். பஸ்ஸு ரெண்டு மணி நேரந்தான். பயப்படாத."

என் ஒரு போட்டோவால் ஓர் அம்மா விடியற்காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார். "மன்னிச்சிருங்க செல்வி" என்றேன்.

"பெறகு மன்னிக்கிறேன். இப்ப பூண்டு உரிங்க."

பகல் 2.00. தட்டு பன்னிரண்டு டாலர் என்று அத்தோ முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தது. செல்வி மேடையேறி முகக்கவசத்தைக் கழற்றினார். பர்மிய மொழியில் இரண்டு நிமிடம் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. குரல் நடுங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. எதிர்த்து நின்றவர் சோ, பர்மாவின் கரேன் இனத்தவர், இங்கே பேருந்து ஓட்டுநர்.

சீட்டுகளைப் பிரித்துக் காட்ட வெளியாள் ஒருவர் வேண்டும் என்பது இன்னொரு விதி. மண்டபத்தில் அப்படி இருந்தது நானும் இனியனும்தான்.

"நான் செல்வியோட ஃப்ரெண்ட். நான் எண்ணலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

சோ சிரித்தார். "அதான் நல்லது. எல்லாரும் உங்க கையையே பார்ப்பாங்க."

எனக்குப் பர்மிய எழுத்துத் தெரியாது. நல்லவேளை, சீட்டில் சின்னங்கள் இருந்தன: செல்விக்குக் குடை, சோவுக்கு மீன். ஒவ்வொரு சீட்டையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே குரலில் எண்ணிக்கை சொன்னார்கள். ஒரு சீட்டில் குறி, குடைக்கும் மீனுக்கும் நடுக்கோட்டில் விழுந்திருந்தது. குடைப் பக்கம் கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குப் பட்டது. தூக்கிக் காட்டியதும் முதலில் "செல்லாது" என்று கைகாட்டியவர் செல்வி.

மீன் அறுபத்து மூன்று. குடை ஐம்பத்தெட்டு. செல்லாதது ஒன்று.

தலைகுனிந்து நின்ற என் தோளைச் செல்விதான் உலுக்கினார். "அக்கா, தோத்துட்டேன்! எல்லாரும் பாக்க, எண்ணித் தோத்தேன்!" சோவிடம் போய்க் கை குலுக்கினார். சோ அவரை விடாமல் மேடைக்கு இழுத்துப்போய், துணைச் செயலாளர் வேலையைப் பார்க்கச் சொன்னார். மண்டபமே கைதட்டியது. தேர்தல் முடிவைத் துப்பாக்கியால் மாற்றிய நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அந்தக் கைதட்டலின் நடுவே கசங்கிய சீட்டுகளோடு நின்றபோது, என் பிரசவத்துக்குப் பிறகு இவ்வளவு பெருமையாக நான் எதற்கும் உணர்ந்ததில்லை.

மாலை 4.40. ஹென்டர்சனிலிருந்து திரும்பும் ரயில். இனியன் என் மடியில் தூங்கிவிட்டான். எங்கள் ஊரில் ஓட்டுச்சாவடி, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. வெயிலாக இருக்கிறதே என்று ஒரு முறை போகாமலே இருந்திருக்கிறேன். நியூசிலாந்தில் நிரந்தர வாசம் கிடைத்தவர்களுக்கும் ஓட்டு உண்டு. இரண்டு ஆண்டுகளாக வாக்காளர் பதிவுப் படிவத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் செல்வியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவர் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெகுவுக்கு இரண்டு மணி நேரம் என்றால் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு என்று மட்டும் சொன்னார். மூன்று நிலையங்கள் போயின.

நான்காவது நிலையத்தில் போன் அதிர்ந்தது. செல்வி படித்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு என்னிடம் நீட்டினார். அம்மா சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். கீழே இன்னொரு வரி: "எத்தனை பேர்?"

செல்வி தட்டச்சு செய்தார்: "ஐம்பத்தெட்டு. அஞ்சு பேர் பத்தல."

உடனே பதில் வந்தது.

"நம்ம பொண்ணுக்கு ஐம்பத்தெட்டு பேரா!"