வெயில் மேல் போட்ட பழி

பச்சை மிளகைக் கடித்தால் முதலில் நாக்கில் ஒன்றும் தெரியாது. மூச்சை உள்ளே இழுத்த பிறகுதான் சுருக்கென்று தொண்டைவரை இறங்கிக் காது மடல் சுடும். கண்ணில் நீர் தளும்ப நான் நின்றதைப் பார்த்து அம்மா சிரித்தாள், ஆனால் அந்த ஒரு மணிக்காக என் காதைத் திருகவும் செய்தாள். எங்கள் கொடியில் அந்த வருடம்தான் முதல்முதலாகச் சரம் பிடித்திருந்தது, எந்தக் கணுவில் எது தொங்குகிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

ஏற்காட்டுச் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீடு. வாசலில் நின்று அண்ணாந்தால் தெரிகிற அந்த மலையில் மிளகு யாரும் கெஞ்சாமலே சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் காய்த்துத் தள்ளும். அதே மலையின் காலடியில் எங்களுக்கு மட்டும் நான்கு வருடம் போக்குக் காட்டியது. எஸ்டேட் ஒன்றில் ஜீப் ஓட்டிய அப்பா ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த மூன்று குச்சிகளில் இரண்டு முதல் கோடையிலேயே கருகிவிட்டன. மிஞ்சிய ஒன்றை அம்மா கொல்லைப்புறத்துக் கல்யாண முருங்கையின் வடக்குப் பக்கமாக ஏற்றி, சித்திரையில் தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டி, வேரடியில் விரல் விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். "காலு நனையோணும், முழுகக் கூடாது" என்று எஸ்டேட் ஆட்கள் அப்பாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இவ்வளவு பாடும் ரசத்துக்காக இல்லை. பரமத்திப் பக்கம் வாழையும் மஞ்சளும் போட்ட குடும்பத்தில் பிறந்த அம்மாவை, காணி நிலமில்லாத அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளுடைய அண்ணன், என் தாய்மாமா, "பொறந்த ஊட்டுச் சீர்" என்று ஒரு கூடை நிறையக் கொண்டுவருவார். அந்தக் கூடையை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது, நம் வீட்டில் விளைந்த எதையாவது போட்டு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டில் என்ன விளையும்? வருடா வருடம் கடைச் சர்க்கரையை வாங்கிப் போடுவாள், போடும்போது அவள் முகம் சுண்டிப் போகும். அந்தப் பொங்கலுக்குக் கூடையில் தன் கொடியின் மிளகு போக வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறு எதற்கும் ஆசைப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

மார்கழியில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அம்மா பத்து நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால், எனக்கும் வீட்டுக்கும் துணையாக மாமா வந்து தங்கினார். மஞ்சள் வெள்ளாமையில் அவரை அடித்துக்கொள்ள அந்தச் சுற்று வட்டாரத்தில் ஆளில்லை, வினையே அதுதான். காய்ந்த வேரடியைப் பார்த்ததும் தங்கை தண்ணீர்ப் பஞ்சத்தில் கிடக்கிறாள் என்று அவருக்கு மனது கஷ்டமாகிவிட்டது. மண்வெட்டியை எடுத்து மரத்தைச் சுற்றி வட்டமாகப் பாத்தி பிடித்து, கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து ஊற்றி, டியூபைப் போட்டுத் தண்ணீரைத் தேக்கினார். அம்மா ஒரு சொம்புதான் ஊற்றுவாள் என்று நான் சொன்னேன். "நாங்க பாக்காத வெள்ளாமையா சாமி" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் இலை துவண்டது. மஞ்சள்காரர் கண்ணுக்கு இலை துவண்டால் தாகம்தானே, இன்னும் இரண்டு மடங்கு பாய்ச்சினார். பன்னிரண்டு வயதில் அந்த டியூபைப் பிடுங்கி எறியும் தைரியம் எனக்கு இல்லை, இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

அம்மா திரும்பி வந்த காலையில் கொடி கணுக் கணுவாகக் கழன்று கிடந்தது, சரங்கள் சேற்றில் கறுத்துக் கிடந்தன. "ஏன் அம்மிணி, இப்படி ஆயிப்போச்சு?" என்று மாமாவே கேட்டார்.

அம்மா அந்தப் பாத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வெய்யலுங்கண்ணா. இந்த ஊரு வெய்யலுக்கு இது நிக்காதுங்க."

மலையிலிருந்து இறங்கிய மார்கழிக் குளிருக்கு நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். பிறந்த வீட்டு ஆளை ஒரு சொல் சொல்லக் கூடாதாம், நாளைக்கு என் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்க வேண்டியவராம். பிறகு கேட்டபோது அம்மா சொன்ன காரணம் இது. அந்தப் பொங்கலுக்கும் கடைச் சர்க்கரைதான் போனது. மறு வருடத்திலிருந்து மாமா சீரோடு, சேந்தமங்கலம் சந்தையில் வாங்கிய கொல்லிமலை மிளகையும் ஒரு பொட்டலம் கொண்டுவரத் தொடங்கினார். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள், அவர் பேருந்து ஏறியதும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவாள். அதில் ஒரு மணிகூட எங்கள் ரசத்தில் விழுந்ததில்லை. குத்திக்காட்டவே அவர் கொண்டுவருகிறார் என்று நானும் அம்மாவும் நினைத்தோம்.

இப்போது அந்த வீடு இல்லை, ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. கல்யாண முருங்கை நின்ற இடத்தில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. கூடையும் போய், துணிப்பையோடு டவுனுக்குள் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் மாடி வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வருகிறார் மாமா. போன பொங்கலுக்கு அவர் மிளகுப் பொட்டலத்தை நீட்டியபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கொடி வெயிலில் சாகவில்லை, உங்கள் தண்ணீரில்தான் செத்தது என்று சொல்லியே விட்டேன்.

"தெரியும் சாமி" என்றார். "அன்னிக்கே வேரைக் கெளறிப் பாத்தேன், அழுகி நாறுச்சு. அவ வெய்யலுன்னுட்டா, நானும் வாயத் தொறக்கல. அதுக்குத்தான் வருசா வருசம் வாங்கியாந்தேன்."

இதை அம்மா இருக்கும்போது ஒரே ஒரு தடவை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாதா? கேட்க வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அதைப் போட்டு ரசங்கிசம் வெச்சாளா?"

இத்தனை வருட ஆத்திரமும் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"வெச்சாங்க மாமா" என்றேன். "வாராவாரம் வெச்சாங்க."