இடது முழங்காலும் ஒரு கிளட்ச் பிளேட்டும்

தொட்டியக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பழைய பிக்கப் வண்டி ஒன்றில் செடிகளையும் மண் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போய், வீட்டு வாசல்களிலும் அலுவலக முற்றங்களிலும் இறக்கி வைப்பது அவள் தொழில். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் தொட்டியக்காதான்.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்ததே ஒரு விபத்து மாதிரிதான். நர்சரியில் தொட்டிக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் காலையில் டிரைவர் வரவில்லை. முதலாளி முற்றத்தில் நின்று, “யாருக்காச்சும் வண்டி ஓட்டத் தெரியுமா?” என்று கத்தினார். யோசிப்பதற்குள் இவள் கை மேலே போய்விட்டது. அண்ணன் பிடுங்கல் தாங்காமல் வாங்கிய உரிமம் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அறுபது தொட்டி கொண்டுபோனதில் இரண்டு உடைந்தன. பயந்துகொண்டே வந்து சொன்னாள். முதலாளி, “ரெண்டுதானா?” என்று கேட்டுவிட்டு, மறுநாளும் சாவியை அவளிடமே நீட்டினார். பல வருஷம் கழித்து அவர் தொழிலை விட்டபோது, அதே வண்டியை அவளிடமே விற்றுவிட்டுப் போனார்.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் இருட்டிய பிறகுதான் எழுந்திருப்பார். வண்டி என்றாலே அவருக்குப் பயம். நிற்கிற வண்டியில் ஏறி உட்காரச் சொன்னால்கூடக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். யாராவது கேலி செய்தால், “என் மெஷின்லயும்தான் பெடல் இருக்கு. ஆனா அது எங்கேயும் போகாது. அதனாலதான் எனக்கு அதைப் பிடிக்கும்” என்பார்.

இரண்டு வருஷமாக அவளுக்கு இடது முழங்கால் வலி. முதலில் சாயங்காலம் மட்டும் வந்தது, பிறகு மதியமே வந்தது, அப்புறம் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்துகொண்டது. மாடிப்படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கப் பழகினாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் தேய்மானம் இருக்கும்மா, வயசாகுதுல்ல” என்றார். வீட்டுக்காரர் தினமும் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். திரைச்சீலை வெட்டியதில் மிஞ்சிய தடித்த துணியில் முழங்காலுக்கு ஒரு பட்டை தைத்துக் கொடுத்தார். பூப்போட்ட பட்டை. அதைக் கட்டிக்கொண்டுதான் வண்டி ஓட்டினாள். சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். வண்டியை விற்றுவிடுவது. ஒரு காய்கறி வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். “நல்லதுதானே, இனிமே உக்காந்து சாப்பிடு” என்றார் வீட்டுக்காரர். அவளும் சிரித்தபடி தலையாட்டினாள். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்து சாப்பிட அவளுக்குத் தெரியாது.

அந்த வாரம் வியாழக்கிழமை, மேட்டின் மேலே புதிதாகக் கட்டிய மருத்துவமனைக்கு நாற்பது செடியும் பன்னிரண்டு மண் மூட்டையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. மேடு என்றால் சும்மா மேடு இல்லை. சைக்கிளில் போகிறவர்கள் அடியிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கிவிடுவார்கள். தொட்டியக்கா இரண்டாவது கியரில் ஏறினாள். பாதி தூரம் போனதும் எஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்தியது. வண்டி மட்டும் நகரவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறியதே தவிரச் சக்கரம் உருளவில்லை. முடி கருகுகிற மாதிரி ஒரு நாற்றம் வேறு. சில வாரமாகவே ஏற்றத்தில் இந்த இழுபறி இருந்ததுதான். விற்கப் போகிற வண்டிதானே என்று அவளும் கண்டுகொள்ளவில்லை.

கைபிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினாள். பின்னால் வரிசையாக நாலைந்து வண்டிகள். திட்டப் போகிறார்கள் என்று நினைத்தாள். பின்னால் நின்ற வேன்காரர் இறங்கி வந்து, முதல் வேலையாக ஒரு பெரிய கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தார். “கிளட்ச் போயிருச்சுக்கா. வாசனையே சொல்லுது. பாரத்தை இறக்கிட்டா மெதுவாப் பின்னாலயே இறக்கிரலாம்” என்றார்.

“இத்தனையையும் யாருங்க இறக்கறது?”

அதற்குப் பதில் மேலிருந்து வந்தது. மருத்துவமனை வாட்ச்மேன் கேட்டில் நின்றே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். துப்புரவு வேலை செய்கிற இரண்டு பெண்களையும், துணி வெளுக்கிற பிரிவில் இருந்த ஒருவரையும், மூட்டை தள்ளுகிற வண்டி ஒன்றையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வேன்காரரும் சட்டைக் கையை மடித்துவிட்டார். அரைமணி நேரத்தில் நாற்பது செடியும் கைமாறிக் கைமாறியும், மண் மூட்டைகள் தள்ளுவண்டியிலும் மேலே போய்ச் சேர்ந்தன. ஒரு தொட்டிகூட உடையவில்லை. துப்புரவுப் பெண்களில் மூத்தவள், “எங்க வாசலுக்கு வர்ற செடிதானே, நாங்க தூக்காம வேற யாரு தூக்குவா” என்றாள். தொட்டியக்கா அவர்களையே மாறி மாறிப் பார்த்தாள். தனியாகவே தூக்கித் தனியாகவே இறக்கிப் பழகிய மனுஷி அவள்.

காலியான வண்டியைப் பின்பக்கமாக இறக்கி, சமதரையில் ஊர்ந்து ஊர்ந்து மின்னலின் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மின்னல் என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். அவன் அவ்வளவு மெதுவாக வேலை செய்வான் என்பதால் வைத்தது. அவசரமாக வருகிறவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். ஆனால் அவன் மாட்டிய நட்டு கழன்றதாக யாரும் சொன்னதில்லை.

மின்னல் வண்டியில் ஏறினான். கைபிரேக்கை இழுத்துவிட்டு, டாப் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தான். நியாயப்படி எஞ்சின் உடனே நின்றுபோக வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“பிளேட் சுத்தமா தேஞ்சுருச்சுக்கா” என்றவன், இன்னொரு தடவை பெடலை மிதித்துப் பார்த்தான். முகம் மாறியது. மறுபடியும் மிதித்தான். “அக்கா, இதையா தினமும் மிதிச்சீங்க?”

“ஏன், என்ன?”

“யானை மிதிச்சாத்தான் இறங்கும் போலிருக்கு. எத்தனை நாளா இப்படி?”

“எப்பவும் அப்படித்தானே இருக்கு. எனக்குத்தான் கால்ல வலு குறைஞ்சுபோச்சு” என்றாள் அவள்.

மின்னல் அவள் காலில் இருந்த பூப்போட்ட பட்டையைப் பார்த்தான். “நாளைக்குச் சாயங்காலம் வாங்க” என்றான்.

மறுநாள் வீட்டுக்காரரும் கூடவே வந்தார். வண்டிக்குப் பயந்தாலும் மனைவியின் காலுக்காக அவர் எங்கும் வருவார். ஷேர் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

கியர்பாக்ஸைக் கீழே இறக்கிவிட்டு, பழைய சாமான்களை ஒரு சாக்கின் மேல் வரிசையாக வைத்திருந்தான் மின்னல். பிளேட்டை எடுத்துக் காட்டினான். வழவழவென்று தேய்ந்து, ஆணித்தலைகள் வெளியே எட்டிப் பார்த்தன. பிறகு கிளட்ச் கேபிளை எடுத்து வளைத்தான். உறைக்குள்ளே கம்பி இழைகள் பிய்ந்து சுருண்டு முள்ளாக நின்றன.

“பிளேட் தேயத் தேய, அதை அழுத்துற ஸ்பிரிங்கோட விரல் மாதிரி நுனியெல்லாம் நிமிர்ந்துரும். அப்ப அதைத் தள்ள இன்னும் அதிக பலம் வேணும். போதாக்குறைக்கு இந்தக் கேபிள் வேற உள்ளுக்குள்ளயே பிடிச்சு இழுத்திருக்கு. ஒரே நாள்ல ஆகியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இது கொஞ்சங்கொஞ்சமா கெட்டியாயிருக்கு. நீங்க உங்க காலைத் திட்டிட்டு இருந்திருக்கீங்க.”

வீட்டுக்காரர் அந்தக் கேபிளை வாங்கி, அறுந்த நூலைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்போ நான் ரெண்டு வருஷமா எண்ணெய் போட்டிருக்க வேண்டியது இதுக்குத்தானா?” என்றார். மின்னலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஆமா மாமா. ஆளை மாத்தி வைத்தியம் பாத்திருக்கீங்க.”

புதிய பிளேட், புதிய கேபிள் எல்லாம் மாட்டி முடித்தபோது வெயில் பட்டறைச் சுவரின் பாதிக்கு ஏறியிருந்தது. மின்னல் கையைத் துடைத்துக்கொண்டே, “ஏறி மிதிச்சுப் பாருங்க” என்றான்.

தொட்டியக்கா வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பை ஊன்றி மிதித்தாள். இருக்கும் என்று நினைத்துக் கால் வைத்த படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. பெடல் தடாலென்று தரைக்குப் போய்விட்டது. உடைத்துவிட்டோமோ என்று அவள் பதறிப்போனாள்.

“உடையலைக்கா. இதுதான் கிளட்ச்.”

மறுபடி மிதித்தாள். விட்டாள். மிதித்தாள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று இரண்டு ஆண்களுக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. வயசாகிவிட்டது, அவ்வளவுதான் நம் ஆட்டம் என்று இரண்டு வருஷமாக மனதுக்குள் சுமந்துகொண்டு திரிந்த பாரம் அது. அதை யாரோ ஒருவன் ஸ்பேனரால் கழற்றிச் சாக்கின் மேல் வைத்துவிட்டான்.

வலி ஒரே ராத்திரியில் போய்விடவில்லை. டாக்டர் சொன்ன தேய்மானமும் பொய்யில்லை. ஆனால் மூன்று வாரத்தில் பட்டை கட்டாமலே ஓட்டினாள். இரண்டு மாதத்தில் மாடிப்படியை நேராக இறங்கினாள்.

சொன்னபடியே அந்த ஞாயிற்றுக்கிழமை காய்கறி வியாபாரி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, “வீண் அலைச்சல் குடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க அண்ணே. வண்டி விக்கறதுக்கு இல்லை” என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “உங்க முகத்தைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சும்மா” என்றார். போகும்போது வீட்டுக்கு ஒரு செம்பருத்தி கேட்டு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேட்டுக்குப் போனாள். வாட்ச்மேனிடமும் அந்தப் பெண்களிடமும் நன்றி சொல்ல என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். சொல்வதற்குப் பதில், மிச்சமிருந்த மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி, கூலி என்ற பேச்சே எடுக்காமல் நாற்பதுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

மின்னலுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவனோ கேட்ட கூலிக்கு மேல் ஒரு காசுகூட வாங்க மாட்டேன் என்றுவிட்டான். “சரி, ஒரு செடியாவது எடுத்துக்கோ. எது வேணும் சொல்லு, ரோஜாவா, மல்லியா?”

அவன் நெடுநேரம் யோசித்தான். எதையும் நெடுநேரம் யோசிக்கிறவன்தான். “பூக்காட்டியும் பரவால்லக்கா. என்கிட்ட சாகாத மாதிரி ஒண்ணு குடுங்க.”

வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கிற கெட்டி இலைச் செடி ஒன்றைக் கொண்டுபோய்ப் பட்டறை ஜன்னலோரம் வைத்தாள். “பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்தினாப் போதும். அதிகமா ஊத்தினாத்தான் அழுகும்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பத்தாவது நாள் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது.

“அக்கா, மின்னல் பேசறேன். இன்னைக்குத்தானே? எவ்வளவு ஊத்தணும்?”